வரிச்சுருள் இல்லாமல் பிளாஸ்மாவில் மின்னோட்டம்: ரேடியோ அலைகள் அங்கே என்ன செய்கின்றன?

லேசான அணுக்கருக்களைச் சேர்த்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவு பற்றிய செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: "ரேடியோ அலைகளைச் செலுத்திப் பிளாஸ்மாவைத் தொடங்கினார்கள்." இதைப் படிப்பவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். அலை பட்டதும் இணைவு வினையே ஆரம்பமாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். வாயுவைச் சூடாக்கியதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்பது சிலருடைய எண்ணம். சூடாக்கிவிட்டால் மின்னோட்டம் தானாக ஓடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. முதலாவதும் கடைசியும் தவறு. நடுவில் உள்ளது பாதி சரி.

அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. வாயுவைப் பிளாஸ்மாவாக்குவது ஒன்று. அந்தப் பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டத்தைப் பிறக்க வைப்பது இன்னொன்று. பிறந்த மின்னோட்டத்தை வளர்த்து, அணைந்துவிடாமல் தாங்குவது மூன்றாவது. முதல் வேலை இன்று பல கருவிகளில் அன்றாடம் நடக்கிறது. மூன்றாவதும் பல முறை செய்து காட்டப்பட்டுவிட்டது. நடுவிலிருப்பதுதான் கடினம், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

## பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டம் எதற்கு?

வாயுவுக்குப் போதுமான ஆற்றல் கொடுத்தால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவிடும். கழன்ற எலக்ட்ரான்களும், எலக்ட்ரானை இழந்த அணுக்களான அயனிகளும் கலந்து கிடக்கும் நிலைதான் பிளாஸ்மா. இரண்டு வகைத் துகள்களுக்கும் மின்சுமை இருப்பதால் காந்தப்புலம் அவற்றைக் கட்டிப்போடும். காந்தப்புலக் கோட்டை ஒரு கம்பியாகக் கற்பனை செய்துகொண்டால், துகள் அந்தக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தபடியே அதன் நெடுகப் போகும். கம்பியை விட்டு எளிதில் விலகாது. ஆனால் கம்பி முடியும் இடத்தில் வெளியே போய்விடும்.

முடிவில்லாத கம்பி வேண்டுமானால் அதை வளைத்து வளையமாக்கிவிடலாம். சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். டியூபுக்குள் பிளாஸ்மா, டியூபின் நெடுக வளையமாகச் சுற்றுவது காந்தப்புலம்.

வளைத்ததும் ஒரு சிக்கல் வருகிறது. புலம் இப்போது எல்லா இடத்திலும் ஒரே வலிமையில் இல்லை. வளையத்தின் நடுப்பக்கம் வலுவாகவும் வெளிப்பக்கம் தளர்வாகவும் இருக்கும். அதனால் துகள் போடும் வட்டம் சரியாக மூடாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்துவிடும். எலக்ட்ரான்கள் மேலே நகர்ந்தால் அயனிகள் கீழே நகரும். இப்படி மேலும் கீழும் எதிரெதிர்ச் சுமைகள் சேர்ந்ததும் அவற்றுக்கிடையே ஒரு மின்புலம் எழும். அது மொத்தப் பிளாஸ்மாவையும் வெளிச்சுவர் பக்கம் தள்ளிவிடும். இந்த மேல்-கீழ் நகர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வில்லனாக வந்தது, பின்னால் உதவிக்கு வரப்போகிறது.

இதற்கு மருந்து, காந்தப்புலக் கோடுகளைக் கயிற்றின் புரி போல முறுக்கிவிடுவது. முறுக்கிய கோடு வளையத்தைச் சுற்றிவரும்போதே மேலும் கீழும் போய்வரும். மேலே சேர்ந்த சுமை அதே கோட்டின் வழியாகக் கீழே இறங்கிச் சமனாகிவிடும். எப்படி முறுக்குவது? பிளாஸ்மாவின் நெடுக ஒரு மின்னோட்டத்தை ஓட விட்டால் அது தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். வளையப் புலமும் இந்தச் சுற்றுப் புலமும் கூடினால் முறுக்கிய கோடுகள் கிடைக்கும். 1950-களில் சோவியத் ஒன்றியத்தில் இகோர் தாம், ஆந்திரேய் சாகரோவ் ஆகியோரின் யோசனையிலிருந்து வளர்ந்த டோக்காமாக் என்ற கருவியின் அடிப்படை இதுதான். பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் என்ற டோக்காமாக்கின் பிளாஸ்மாவில் 1.5 கோடி ஆம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டும்.

வெளியிலுள்ள காந்தச் சுருள்களையே திருகலாக வடிவமைத்து முறுக்கிய புலத்தைப் பெறும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு ஸ்டெல்லரேட்டர் என்று பெயர். ஜெர்மனியில் உள்ள வென்டல்ஸ்டைன் 7-எக்ஸ் 2015 டிசம்பரில் தன் முதல் பிளாஸ்மாவை ஹீலியம் வாயுவில் நுண்ணலைகளைக் கொண்டே உண்டாக்கியது. அங்கே அலைகள் பிளாஸ்மாவைத் தொடங்கின. பிளாஸ்மா மின்னோட்டத்தைத் தொடங்க வேண்டிய தேவையே அங்கில்லை. செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எடுத்துக்காட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

இதுவரை பார்த்தது: டோக்காமாக்கில் பிளாஸ்மாவைக் கட்டிவைக்கும் கூண்டின் ஒரு பாதியைப் பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டமே கட்டுகிறது. மின்னோட்டம் இல்லையென்றால் கூண்டு இல்லை.

## வழக்கமான வழி: நடுவில் ஒரு வரிச்சுருள்

மின்மாற்றியில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரில், ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்கள் இருக்கும். முதல் சுருளில் மின்னோட்டம் மாறினால் இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். டோக்காமாக்கில் வளையத்தின் நடு ஓட்டைக்குள் உயரமான ஒரு சுருளை நிறுத்துகிறார்கள். அதுதான் மைய வரிச்சுருள். இரண்டாவது சுருளின் இடத்தில் இருப்பது பிளாஸ்மாவே. ஒரே ஒரு சுற்று கொண்ட கம்பி போல. வரிச்சுருளில் மின்னோட்டத்தை மாற்றினால் பிளாஸ்மாவில் மின்னோட்டம் ஓடும்.

நல்ல வழிதான், பல பத்தாண்டுகளாக நம்பிப் பயன்படுத்திவருகிற வழி. ஆனால் மின்னழுத்தம் கிடைப்பது வரிச்சுருளின் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்கும்வரை மட்டும்தான். பிளாஸ்மாவை ஒரே திசையில் தள்ள வேண்டுமானால், அந்த மாற்றமும் ஒரே திசையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எந்தச் சுருளும் தாங்கக்கூடிய மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. காற்றடிக்கும் பம்ப்பின் தண்டை ஒரே ஒரு முறை மட்டும் அழுத்த அனுமதி கிடைத்தது போல. தண்டு அடியைத் தொட்டதும் வேலை முடிந்தது. அதிலும் பெரிய டோக்காமாக்குகளில் அந்த ஓர் அழுத்தத்தின் பெரும்பகுதி, மின்னோட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்கு ஏற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. ஏறிய பின் அதைத் தாங்க அதிகம் வேண்டியதில்லை. ஏனென்றால் பிளாஸ்மா சூடாகச் சூடாக அதன் மின்தடை குறையும். ஒரு கோடி டிகிரி அளவில் அது செம்புக் கம்பிக்கு இணையாக மின்சாரத்தைக் கடத்தும்.

இதோடு இடப் பிரச்சினையும் சேர்கிறது. ஈட்டரின் மைய வரிச்சுருள் 6 அடுக்குகளாக அமைந்த, ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள பொருள். வளையத்தின் ஓட்டையைக் குறுக்கி, விதை எடுத்த ஆப்பிள் போன்ற வடிவத்தில் பிளாஸ்மாவை அமைக்கும் கோள டோக்காமாக்குகள் இருக்கின்றன. குறைந்த காந்தப்புலத்தில் அதிக அழுத்தமுள்ள பிளாஸ்மாவைத் தாங்குவது அவற்றின் பலம். அங்கே நடுவில் ஒல்லியான ஒரு தண்டுக்குத்தான் இடம். இணைவு மின்நிலையமாக வேலை செய்யும்போது வெளிவரும் நியூட்ரான்களிலிருந்து சுருளைக் காக்கக் கவசமும் வேண்டும். வரிச்சுருள், கவசம் இரண்டையும் அந்த ஒல்லித் தண்டுக்குள் நுழைப்பது பெரும்பாடு.

ஆகவே கேள்வி இப்படித் திரும்புகிறது: வரிச்சுருளைத் தொடாமலேயே, வெளியிலிருந்து அலைகளை அனுப்பி அந்த மின்னோட்டத்தை உண்டாக்க முடியுமா?

## சூடாக்குவது வேறு, ஓட வைப்பது வேறு

வட்டமான ஓடுபாதை ஒன்றில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். எல்லோரையும் வேகமாக நடக்கச் சொல்கிறோம். ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. பாதிப் பேர் வலப்பக்கமாகவும் பாதிப் பேர் இடப்பக்கமாகவும் சுற்றுவார்கள். ஓரிடத்தில் நின்று எண்ணினால் நிகரமாக யாருமே கடந்து போகவில்லை என்றுதான் கணக்கு வரும். வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் இதே கணக்குதான்.

பிளாஸ்மாவைச் சூடாக்குவது என்பது இதுதான்: துகள்கள் எல்லாத் திசையிலும் வேகமாக ஓடுகின்றன. மின்னோட்டம் என்பது ஒரு பக்கமாகச் சுற்றும் எலக்ட்ரான்கள் மறுபக்கத்தை விட மிஞ்சியிருப்பது. சூடு எவ்வளவு கொடுத்தாலும் இரு பக்கமும் சமமாக இருந்தால் மின்னோட்டம் சுழியம். எங்காவது, எப்படியாவது அந்தச் சமநிலை ஒரு பக்கமாகச் சாய வேண்டும். இனி வரும் எல்லா உத்திகளையும் இந்த ஒரே கேள்வியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்: சாய்வு எங்கிருந்து வந்தது?

## முதல் வேலை: வாயுவைப் பிளாஸ்மாவாக்குவது

ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அதன் தாளத்தைப் பிடித்துவிட்டால் சின்னச் சின்னத் தள்ளலிலேயே ஊஞ்சல் உயரப் போகும். தாளம் தப்பினால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. இப்படித் தாளம் பொருந்துவதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

காந்தப்புலத்தில் சுற்றும் எலக்ட்ரானுக்கும் ஒரு தாளம் இருக்கிறது. 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 2,800 கோடி முறை சுற்றும். அதாவது 28 கிகாஹெர்ட்ஸ். 2 டெஸ்லா என்றால் 56. அந்த அதிர்வெண்ணிலேயே ஓர் அலையை அனுப்பினால், எலக்ட்ரான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளல் வாங்கும். இந்த அலையை எலக்ட்ரான் சைக்ளோட்ரான் அலை என்பார்கள். ரேடியோ அலை என்று பொதுவாகச் சொன்னாலும் இது நுண்ணலை வகை. இதை உண்டாக்கும் பெரிய வெற்றிடக் குழாய்க்கு ஜைரோட்ரான் என்று பெயர்.

கலனுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கும். அதில் எப்போதும் ஒருசில எலக்ட்ரான்கள் கட்டற்று அலைந்துகொண்டிருக்கும். அலை அவற்றை முடுக்கிவிட, அவை வாயு அணுக்களில் மோதிப் புதிய எலக்ட்ரான்களைக் கழற்றும். அவையும் அலையிடமிருந்து ஆற்றல் வாங்கி மோதும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளிலேயே வாயு பிளாஸ்மாவாகிவிடும். வளையத்தின் நடுவிலிருந்து வெளியே போகப் போகப் புலம் குறைந்துகொண்டே போகும் என்று பார்த்தோம் அல்லவா, அதனால் தாளம் பொருந்துவது ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டும்தான். பிளாஸ்மா முதலில் அங்கேதான் செங்குத்தான ஒரு பட்டை போல ஒளிரத் தொடங்கும்.

வரிச்சுருள் உள்ள கருவிகளுக்கும் இந்த உதவி வேண்டியிருக்கிறது. ஈட்டரின் மீக்கடத்திச் சுருள்களையும் தடித்த உலோகச் சுவர்களையும் தாண்டி, பிளாஸ்மா இருக்கும் இடத்தில் மீட்டருக்கு 0.3 வோல்ட் அளவுக்குத்தான் மின்புலம் கிடைக்கும். அது மட்டும் வாயுவை நம்பகமாகப் பிளாஸ்மாவாக்கப் போதாது. அதனால் 170 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைகளைத் துணைக்கு அழைக்கிறார்கள். காந்திநகரில் உள்ள எஸ்.எஸ்.டி-1 டோக்காமாக்கிலும் 42 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைகள் இதே வேலையைச் செய்கின்றன. இங்கெல்லாம் அலைகள் பாதையைத் திறந்து வைக்கின்றன. மின்னோட்டத்தைத் தள்ளுவது வரிச்சுருள்தான். "அலைகளின் உதவியோடு தொடக்கம்" என்பதும் "வரிச்சுருளே இல்லாத் தொடக்கம்" என்பதும் வேறு வேறு.

## நடு வேலை: சுழியத்திலிருந்து முதல் மின்னோட்டம்

சரி, பிளாஸ்மா வந்துவிட்டது. வரிச்சுருள் இல்லை. சாய்வு எங்கிருந்து வரும்?

முதலில் ஒரு முட்டுக்கட்டை. மின்னோட்டம் இல்லாததால் முறுக்கிய கோடுகள் இன்னும் இல்லை. கூண்டு இல்லாததால் சூடான எலக்ட்ரான்கள் தங்குவதில்லை. தங்காவிட்டால் மின்னோட்டம் வளராது. கோழி முதலா முட்டை முதலா என்ற கதை.

இதை உடைக்க, வளையப் புலத்தோடு மெலிதான ஒரு செங்குத்துப் புலத்தையும் சேர்க்கிறார்கள். மூடிய வளையங்களாக இருந்த கோடுகள் இப்போது மிகச் சரிவு குறைந்த சுழல்படிக்கட்டு போல ஆகிவிடும். ஒரு துகள் கோட்டின் வழியே போனால் பல முறை சுற்றிச் சுற்றி ஏறிக் கடைசியில் கூரையில் முட்டும். எதிர்ப்பக்கம் போனால் சுற்றிச் சுற்றி இறங்கித் தரையில் முட்டும். இரண்டு முனையும் திறந்த கோடுகள்.

இப்போது அந்தப் பழைய வில்லனை அழைப்போம். வளைந்த புலத்தில் எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே திசையில் நகர்ந்துவிடும். மேலே என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் சுற்றும் எலக்ட்ரானைப் படிக்கட்டு மேலே ஏற்றுகிறது. நகர்வும் அதை மேலே தூக்குகிறது. இரண்டும் கூடி அது சீக்கிரமே கூரையில் முட்டித் தொலைந்துவிடும். இடப்பக்கம் சுற்றும் எலக்ட்ரானைப் படிக்கட்டு கீழே இறக்குகிறது. நகர்வு மேலே தூக்குகிறது. வேகம் பொருந்தினால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அந்த எலக்ட்ரான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கலனுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில்தான் சாய்வு இருக்கிறது. அலை இரு பக்கத்து எலக்ட்ரான்களுக்கும் வேறுபாடில்லாமல் ஆற்றல் தருகிறது. ஒரு பக்கத்தவை வெளியேறிவிடுகின்றன, மறுபக்கத்தவை தங்கிவிடுகின்றன. யாரும் யாரையும் ஒரு திசையில் தள்ளவில்லை. ஆனாலும் ஒரு திசை மிஞ்சுகிறது. செங்குத்துப் புலத்தைத் தலைகீழாக்கினால் மின்னோட்டமும் திசை மாறிவிடும். இதோடு, மேலும் கீழும் சேரும் எதிர்ச்சுமைகள் சமனாவதற்காக அந்தச் சுழல்படிக்கட்டின் வழியே பாயும்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கிடைக்கிறது.

அப்புறம் நடப்பது வியப்பானது. சிறிய மின்னோட்டமும் தன்னைச் சுற்றி ஒரு புலத்தை உண்டாக்கும். வளையத்தின் உள்பக்கத்தில் அந்தப் புலம், நாம் சேர்த்த செங்குத்துப் புலத்துக்கு எதிராக இருக்கும். மின்னோட்டம் கூடக் கூட, ஒரு கட்டத்தில் உள்பக்கத்தில் அது செங்குத்துப் புலத்தை முழுதாகக் கழித்து, மிஞ்சியும் விடும். அந்த நொடியில் கூரையிலும் தரையிலும் முட்டிக்கொண்டிருந்த கோடுகளில் சில தம்மேல் தாமே வளைந்து மூடிக்கொள்ளும். முறுக்கிய, மூடிய கூண்டு பிறந்துவிட்டது. அதற்குள் மாட்டிய எலக்ட்ரான்கள் எளிதில் வெளியேற முடியாது. ஆகவே மின்னோட்டம் சட்டென்று எகிறும். ஆய்வாளர்கள் இதை மின்னோட்டத் தாவல் என்றே சொல்கிறார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் லேட் என்ற சிறிய கருவியில், வரிச்சுருள் எதுவும் இல்லாமல் நுண்ணலைகளை மட்டும் வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: அலை தருவது ஆற்றல். திசையைத் தேர்ந்தெடுப்பது காந்தப்புலத்தின் வடிவம். போதுமான மின்னோட்டம் சேர்ந்ததும் கூண்டு தானே மூடிக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் வெப்பம் பெரும்பாலும் சில லட்சம் டிகிரி அளவுதான். ஈட்டரில் இணைவுக்காகத் திட்டமிட்டிருப்பது 15 கோடி டிகிரி. மின்னோட்டம் தொடங்கிவிட்டது என்ற செய்தியை இணைவு தொடங்கிவிட்டது என்று படிக்கக் கூடாது.

## மூன்றாவது வேலை: அலையால் தள்ளிக்கொண்டு போவது

கூண்டு மூடிய பிறகு அலைகளை இன்னும் நேரடியாகப் பயன்படுத்தலாம். விளையாட்டரங்கில் பார்வையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அமர்ந்தால் ஓர் அலை ஒரு பக்கமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, வரிசையாக அடுக்கிய பல அலைக்குழாய்களில் ஒவ்வொன்றிலும் அலையைச் சற்றுத் தாமதமாக அனுப்பினால், பிளாஸ்மாவுக்குள் ஒரு திசையில் மட்டும் ஓடும் அலை கிடைக்கும். லோயர் ஹைபிரிட் அலை என்பது இந்த வகை. அதன் அதிர்வெண் எலக்ட்ரானின் சுழல் தாளத்துக்கும் அயனியின் சுழல் தாளத்துக்கும் இடையில் இருக்கும். பெரும்பாலும் சில கிகாஹெர்ட்ஸ். கடலலையின் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் போகும் சறுக்குப் பலகையை அலை தன்னோடு இழுத்துப் போவது போல, இந்த அலை தன் வேகத்துக்கு நெருக்கமான எலக்ட்ரான்களைத் தள்ளிக்கொண்டு போகும். சாய்வு இங்கே அலையின் திசையிலேயே இருக்கிறது.

எந்த எலக்ட்ரான்களைத் தள்ளுவது என்பதில்தான் சுவையான விஷயம் இருக்கிறது. மெதுவாகப் போகிறவற்றைத் தள்ளுவது மலிவு என்றுதான் முதலில் தோன்றும். வேகமானதை இன்னும் வேகமாக்க ஆற்றல் அதிகம் வேண்டும். ஆனால் 1978-இல் நதானியேல் ஃபிஷ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்குப் போட்டு இதற்கு மாறான முடிவைச் சொன்னார். பிளாஸ்மாவில் ஒரு எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு குறைவாக மற்றவற்றோடு மோதித் திசை இழக்கும். வேகம் இரு மடங்கானால் மோதலின் தாக்கம் எட்டில் ஒரு பங்காகிவிடும்; மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. வேகமான எலக்ட்ரானுக்கு ஒரு முறை செலவு செய்தால் அது நெடுநேரம் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம் வேகமானவற்றிடம்தான்.

1980-இல் ஃபிஷும் ஆலன் பூசரும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். எலக்ட்ரான் சைக்ளோட்ரான் அலை எலக்ட்ரானை முன்னோக்கித் தள்ளுவதில்லை. அது சுற்றும் வேகத்தை மட்டும் கூட்டுகிறது. அப்படியானால் அதைக் கொண்டு மின்னோட்டத்தை ஓட்ட முடியாதல்லவா? முடியும். நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் சங்கொலி சுருதி கூடிக் கேட்பது போல, ஓடும் எலக்ட்ரானுக்கும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும். அலையைச் சாய்த்து அனுப்பினால், ஒரு பக்கம் ஓடும் எலக்ட்ரான்களுக்கு மட்டும் தாளம் பொருந்தும்படி செய்யலாம். அவை மட்டும் சூடாகும். சூடானதால் மோதல் குறையும். மோதல் குறைந்ததால் ஓட்டத்தை நெடுநேரம் தக்கவைக்கும். எதிர்ப்பக்கத்தவை வழக்கம் போல மோதி வேகம் இழக்கும். ஓடுபாதையில் ஒரு பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் நெரிசல் விலகியது போல.

சோதனைகள் விரைவிலேயே வந்தன. 1980-களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டனின் பி.எல்.டி டோக்காமாக்கில் லோயர் ஹைபிரிட் அலைகள் மட்டும் 150 கிலோஆம்பியருக்கு மேலான மின்னோட்டத்தைச் சில நொடிகள் தாங்கின. 1983-இல் கியோட்டோவின் டபிள்யூ.டி-2 கருவியில் அலைகளைக் கொண்டே மின்னோட்டத்தைத் தொடங்கி, தாங்கவும் செய்தார்கள். அடுத்த ஆண்டே, பி.எல்.டி-யில் சுழியத்திலிருந்து 100 கிலோஆம்பியர் வரை அலைகளாலேயே எட்டியதாக முடிவு வெளியானது. தாங்குவதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தின் டிரையாம்-1எம் காட்டியது: 2003-இல், குறைந்த மின்னோட்டத்தில், 5 மணி 16 நிமிடம். 2025 பிப்ரவரியில் பிரான்ஸின் வெஸ்ட் டோக்காமாக் 1,337 நொடிகள் பிளாஸ்மாவைத் தாங்கியதிலும் இந்த அலைகளுக்குப் பங்கு உண்டு.

## ஏன் மெதுவாக ஏற்ற வேண்டியிருக்கிறது?

கனமான சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கினால் அது உடனே வேகம் பிடிக்காது. பிளாஸ்மா மின்னோட்டமும் அப்படித்தான். மின்னோட்டம் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தம் தானாகப் பிறக்கும். பள்ளியில் படித்த லென்ஸ் விதிதான். அலைகள் வேகமான எலக்ட்ரான்களை அவசரமாக முடுக்கினால், இந்த எதிர் மின்னழுத்தம் மீதமுள்ள சாதாரண எலக்ட்ரான்களைப் பின்னோக்கித் தள்ளும். முன்னால் தள்ளியதில் ஒரு பகுதி பின்னால் ஓடிவிடும். பிளாஸ்மா மிகவும் சூடாக இருந்தால் மின்தடை குறைவு. அந்தப் பின்னோட்டம் எளிதில் அடங்காது. சூடாக்குவது எப்போதும் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அடர்த்தி இன்னொரு தடை. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் அடர்த்தி எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிளாஸ்மா அலையை உள்ளே விடாமல் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பிவிடும். 28 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த எல்லை, கன மீட்டருக்கு சுமார் 1 கோடி கோடி லட்சம் எலக்ட்ரான்கள். பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் இணைவுப் பிளாஸ்மாவுக்கு இது குறைவு. இங்கிலாந்தின் கல்லம் மையத்திலிருந்த மாஸ்ட் என்ற கோள டோக்காமாக்கில் இதற்கு அழகான ஒரு வழி கண்டார்கள். நடுத்தண்டில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒரு கண்ணாடியைப் பொருத்தினார்கள். வெளியிலிருந்து வந்த அலை அதில் பட்டுத் தன் அதிர்வுத் திசையை மாற்றிக்கொண்டு திரும்பும். அப்படித் திரும்பும்போது பிளாஸ்மாவுக்குள் வேறொரு வகை அலையாக உருமாறிவிடும். பெர்ன்ஸ்டைன் அலை எனப்படும் இது பிளாஸ்மாவுக்குள் மட்டுமே வாழக்கூடியது. எலக்ட்ரான்களின் கூட்டு அசைவே இந்த அலை. அடர்த்தி எல்லை இதைத் தடுக்காது. 28 கிகாஹெர்ட்ஸில் இந்த முறையால் அங்கே 73 கிலோஆம்பியர் வரை மின்னோட்டத்தைத் தொடங்கினார்கள்.

மூன்றாவதாக, மிக வேகமான எலக்ட்ரான்கள் கூண்டை விட்டுத் தப்பினால் சுவரைத் தாக்கும்; எக்ஸ் கதிர்களை வீசும்; கொடுத்த ஆற்றலும் அவற்றோடு போய்விடும். மின்னோட்டம் சிறிதாக இருக்கும் ஆரம்ப கட்டத்தில்தான் இந்த இழப்பு அதிகம்.

## அலைகள் மட்டும்தானா?

முடிவுகளைப் படிக்கும்போது ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். வளையமாக ஓடும் மின்னோட்டம் தன் புலத்தின் அழுத்தத்தாலேயே விரிந்து வெளியே போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தச் செங்குத்துப் புலத்தையும் கூடவே ஏற்ற வேண்டும். அந்தப் புலம் மாறும்போது அதுவும் மின்மாற்றி போலக் கொஞ்சம் தள்ளிவிடும். இப்படி மாறும் காந்தப்புலத்தால் மின்னழுத்தம் பிறப்பதற்குத் தூண்டல் என்று பெயர். ஆகவே "வரிச்சுருள் இல்லாமல்" என்ற சொல்லுக்கு "தூண்டலே இல்லாமல்" என்று பொருள் இல்லை. ஜப்பானின் ஜே.டி-60யூ 2000-களின் தொடக்கத்தில் மைய வரிச்சுருளைப் பயன்படுத்தாமல் பல நூறு கிலோஆம்பியர் வரை ஏற்றிக் காட்டியது. அதில் அலைகளோடு வெளிச்சுருள்களின் தள்ளலும் சேர்ந்துதான் வேலை செய்தது. இது குறையென்று நான் நினைக்கவில்லை. எப்படியும் மாற்ற வேண்டிய ஒரு புலத்திலிருந்து கிடைக்கும் உதவியை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பங்கு எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லும் அறிக்கைகளைத்தான் நம்பிப் படிக்கலாம்.

மாஸ்டின் 73 கிலோஆம்பியரையும் அதே கருவி வரிச்சுருளோடு இயங்கும்போது எட்டிய ஏறத்தாழ 10 லட்சம் ஆம்பியரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையிலுள்ள தூரம் பெரியது. இங்கிலாந்தில் திட்டமிடப்பட்டுள்ள ஸ்டெப் என்ற கோள டோக்காமாக் மின்நிலையத்தின் வடிவமைப்பில் இந்தத் தூரத்தை இரண்டாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஒல்லித் தண்டுக்குள் அடங்கும் சிறிய வரிச்சுருள் ஒன்று முதல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அங்கிருந்து முழு அளவுக்கு ஏற்றுவதும் பிறகு தாங்குவதும் நுண்ணலைகளின் பொறுப்பு. கூடவே, பிளாஸ்மா தன் உள் அழுத்த வேறுபாட்டால் தானே உண்டாக்கிக்கொள்ளும் மின்னோட்டமும் கைகொடுக்கும்.